கோட்டாவும் கோர்ட்டும்: வெளிநாட்டு மூலப்பொருள் ஒதுக்கீடு பற்றிய வழக்குகள்

ஒரு கைத்தொழில் நடைபெறுவதற்கு முதலும் உழைப்பும் மூலப்பொருளும் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. முதலைக் கூட்டுறவு பாங்கில் கடனாகப் பெறலாம். உழைப்புக்கு நம் கிராமங்களில் குறைவில்லை. மூலப்பொருள் கடல் கடந்து வரவேண்டியதாக இருந்து, அதையும் சர்க்காரே அளந்து கொடுக்கும் நிலை ஏற்படுமாயின், பட்டறையின் உலை எரிவதும் அணைவதும் எங்கோ ஓர் அலுவலகத்தில் இடப்படும் கையெழுத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது. அந்தக் கையெழுத்து மறுக்கப்பட்டால், அல்லது கேட்டதில் பாதிக்கு மட்டும் இடப்பட்டால், பாதிக்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது? நீதிமன்றம் எதுவரை துணை நிற்கும்? எந்த இடத்தில் கைவிரித்துவிடும்?

1947 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நம் நாட்டு நீதிமன்றங்களில் நடந்த சில வழக்குகளைக் கொண்டு இக்கேள்விகளுக்கு விடை காண முற்படுவோம். பருத்தி பயிரிடுகிறவருக்கும் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் ஐயுறக்கூடும். யூரியா மூட்டைக்காக வரிசையில் நின்ற எவருக்கும் அந்த ஐயம் நெடுநேரம் நிலைத்திராது.

திண்டுக்கல் தொழில்களும் கடல் கடந்த சரக்கும்

திண்டுக்கல் என்றவுடன் பூட்டு நினைவுக்கு வரும். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பூட்டு, கையால் அராவி, லீவர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திச் செய்யப்படுவது. அதற்கு இரும்புத் தகடும் வேண்டும், பித்தளையும் வேண்டும். பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. 1950-களில் நம் நாட்டில் தாமிரத்தை உருக்கி எடுத்த பெரிய ஆலை, அன்றைய பீகார் ராஜ்யத்தில் காட்சிலாவுக்கு அருகில் இருந்த ஒன்றேயாகும். துத்தநாகத்துக்கோ, 1960-களின் பிற்பகுதியில் கேரளத்து ஆல்வாயிலும் ராஜஸ்தானத்துத் தேபாரியிலும் உருக்காலைகள் ஏற்படும் வரையில், முழுவதும் வெளிநாட்டையே நம்பியிருந்தோம். ஆகவே ஒரு மாங்காய்ப் பூட்டின் பித்தளைப் பகுதியில் கூட அந்நியச் செலாவணி கலந்திருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

தோல் பதனிடும் தொழிலின் கதையும் இதுவே. பழங்காலத்தில் நம் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் மண்டிக் கிடந்த ஆவாரஞ்செடியின் பட்டையே தோல் பதனிடப் போதுமானதாக இருந்தது. பின்னர், துவர்ச் சத்து மிகுந்த வாட்டில் பட்டை ஆப்பிரிக்காவிலிருந்து வரத் தொடங்கி, ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1946-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை முன்னிட்டு அந்நாட்டுடன் நம் நாடு வாணிகத்தை நிறுத்திய பிறகு, கிழக்கு ஆப்பிரிக்கச் சரக்கை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. இந்த நெருக்கடியின் ஒரு விளைவை இன்றும் கொடைக்கானல் மேல்மலைக்குச் செல்வோர் காணலாம். அயல்நாட்டுப் பட்டையை நம்பியிராமல் இங்கேயே விளைவிக்கலாம் என்று கருதி, பழனிமலையின் புல்வெளிகளில் வனத்துறையினர் வாட்டில் மரத்தை வளர்த்தனர். தோலுக்குப் பட்டை, ரேயான் நூலுக்கு மரக்கூழ் என்று இரு பயன் கருதிய திட்டம் அது. அம்மரம் பின்னர் தானாகவே பரவி, சோலைகளையும் புல்வெளிகளையும் விழுங்கத் தொடங்கியது. அதனை அகற்றக் கோரியும் ஐகோர்ட்டில் வழக்குகள் நடந்துள்ளன. (தோல் ஆலைக் கழிவினால் கிணறு கெட்ட விவசாயிகளின் வழக்கு வேறு, அது தனியே எழுதத்தக்கது.)

சின்னாளபட்டியில் செயற்கைப் பட்டுச் சேலை நெய்த தறிகளுக்கு ரேயான் நூல் வேண்டியிருந்தது. நம் நாட்டின் முதல் ரேயான் ஆலை கேரளத்துப் பெரும்பாவூரில் 1950-இல்தான் உற்பத்தியைத் தொடங்கிற்று. தேவையில் மீதிப் பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. நூற்பு ஆலைகளோ, மெல்லிய நூலுக்கு எகிப்து, சூடான் நாடுகளின் நீண்ட இழைப் பருத்தியை நாடின. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பி.எல். 480 ஒப்பந்தத்தின் கீழ்க் கோதுமையுடன் பருத்தியும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பருத்தி எவ்வளவு வருகிறது, எந்த மாதத்தில் வருகிறது என்பவை நம் கரிசல் நிலத்துப் பருத்தியின் விலையையும் அசைத்தன. எகிப்துப் பருத்திக்கு ஈடாகக் கோயம்புத்தூரில் உருவாக்கப்பெற்ற ‘சுவின்’ ரகம் 1974-இல் வெளிவந்ததும் இந்தத் தேவையை ஒட்டியே.

பங்கீட்டு முறை எவ்வாறு நடந்தது?

இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1940-இல், கப்பல் இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகத் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, யுத்தம் முடிந்த பின்னும் நீங்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு நிலையான உருவம் தந்தது. 1955 டிசம்பரில் விரிவான கட்டுப்பாட்டு உத்தரவு பிறந்தது. எந்தச் சரக்கை, யார், எவ்வளவு வரவழைக்கலாம் என்று விவரிக்கும் கொள்கை நூல் ஒன்றும் குறித்த காலந்தோறும் வெளியாயிற்று. அட்டை நிறத்தை வைத்து வியாபாரிகள் அதனைச் ‘சிவப்புப் புத்தகம்’ என்றனர். 1957-ஐ ஒட்டி அந்நியச் செலாவணி கையிருப்பு வெகுவாகக் கரைந்தபோது பிடி மேலும் இறுகியது.

லைசென்ஸ் பெற்றவர்களில் இரு பிரிவினர் இருந்தனர். முன்பிருந்தே வரவழைத்து விற்றுவந்த வியாபாரிகள் ஒரு பிரிவு. சொந்தத் தொழிற்சாலையில் உபயோகிப்பதற்காகக் கேட்பவர்கள் மற்றொரு பிரிவு. பின்னவர்களுள் சிறு தொழில் செய்வோர், தம் பட்டறையின் சக்தி என்ன, எத்தனை ஆட்கள் வேலை செய்கிறார்கள், எவ்வளவு உலோகமோ நூலோ தேவை என்று காட்டி, ராஜ்ய தொழில் இலாகாவிடமிருந்து தேவைச் சான்று பெறவேண்டும். அச்சான்றின் பேரில் இறக்குமதிக் கட்டுப்பாட்டு அதிகாரி லைசென்ஸ் வழங்குவார்; அல்லது சர்க்கார் ஸ்தாபனம் வரவழைத்த சரக்கில் பங்கு கிடைக்கும். தறிகளுக்கும் ஆலைகளுக்கும் பம்பாயிலிருந்த ஜவுளிக் கமிஷனரின் அலுவலகமே பெரிய வாயிலாக இருந்தது.

பொருள் குறைவு, கேட்போர் அதிகம் என்ற நிலையில் பங்கீடு செய்வது தவறன்று. பஞ்சகாலத்தில் அரிசியைப் பங்கிட்ட நாடு தாமிரத்தையும் பங்கிட்டது. தீமை வேறு வழியில் புகுந்தது. உள்ள இயந்திரத்தின் அளவுக்கு ஏற்பக் கோட்டா என்றவுடன், வேலைக்கு வேண்டாத இயந்திரத்தையும் கோட்டாவுக்காக வாங்கி வைத்தவர்கள் உண்டு. உள்ளே இயந்திரமே இல்லாமல் பெயர்ப் பலகை மட்டும் தொங்கிய பட்டறைகளும் உண்டு. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் தலைமையில் 1962-இல் நியமிக்கப்பெற்ற ஊழல் தடுப்புக் குழு, 1964-இல் தந்த அறிக்கையில், இறக்குமதி லைசென்ஸுகள் அவற்றில் குறித்த மதிப்பைப் போல் ஒரு மடங்கு முதல் ஐந்து மடங்கு வரை விலை போனதாகக் குறிப்பிட்டது. இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். 10,000 ரூபாய்க்குத் தாமிரம் வரவழைக்கும் சீட்டு ஒன்று 10,000 முதல் 50,000 ரூபாய் வரை விலை பெறுமானால், தாமிரத்தை உருக்கி, வார்த்து, அராவிப் பூட்டுச் செய்கிறவனைக் காட்டிலும், சீட்டைக் கைமாற்றுகிறவனே உட்கார்ந்த இடத்தில் அதிகம் சம்பாதித்தான். உண்மையாகவே பட்டறை நடத்தியவன் தன் பங்கு குறைக்கப்பட்டபோது கோர்ட்டுப் படியேறியதில் வியப்பில்லை.

லைசென்ஸ் ஓர் உரிமையா?

“எனக்குத் தொழில் செய்யும் உரிமையை அரசியல் சட்டம் அளித்திருக்கிறது. மூலப்பொருள் இல்லாமல் தொழில் ஏது? ஆகையால் லைசென்ஸ் தரவேண்டியது சர்க்காரின் கடமை” என்பதே தொடக்கத்தில் எழுந்த வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நீதிமன்றங்கள் இதனை ஏற்கவில்லை.

வளையலுக்கும் நகைக்கும் பதிக்கும் கண்ணாடிக் கற்களை வரவழைத்தோரும் உபயோகித்தோரும் சேர்ந்து அமைத்த சங்கம் ஒன்று, அந்த இறக்குமதி சர்க்கார் குறித்த ஸ்தாபனத்தின் வழியாக மட்டுமே நடைபெறும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து வழக்காடியது. சுப்ரீம் கோர்ட் 1961-இல் அந்த ஏற்பாடு செல்லும் என்று தீர்த்தது. பிறகு 1974-இல், ஆந்திரா இண்டஸ்ட்ரியல் ஒர்க்ஸ் வழக்கில், இறக்குமதி லைசென்ஸ் பெறும் உரிமை என்று தனியாக எதுவும் ஒரு குடிமகனுக்கு இல்லை என்று தெளிவாகவே கூறிவிட்டது. நாட்டின் செலாவணி பொதுச் சொத்து. அதை எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிப்பது சர்க்காரின் பொறுப்பு. அத்தீர்மானத்தில் நீதிபதிகள் தங்கள் கருத்தைப் புகுத்தமாட்டார்கள். நம் பார்வையில் இது சரியான நிலையே. ஒவ்வொரு பட்டறைக்கும் எத்தனை டன் என்று கோர்ட்டே அளக்கத் தொடங்கினால், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமுள்ளவனுக்கே துத்தநாகம் கிடைக்கும்.

ஆயினும், கொடுப்பதும் மறுப்பதும் சர்க்காரின் பொறுப்பு என்பதால், அதிகாரி தன் மனம் போனபடி செய்யலாம் என்றாகிவிடாது. 1954-இலேயே இதற்கு அடிப்படை இடப்பட்டது. அது இறக்குமதிச் சரக்கைப் பற்றியதன்று. உத்தரப் பிரதேசத்து நிலக்கரிக் கட்டுப்பாட்டைப் பற்றியது. லைசென்ஸ் கொடுக்கவும் மறுக்கவும் ரத்துச் செய்யவும் எந்த வழிகாட்டுதலும் இன்றி ஓர் அதிகாரிக்கு முழுச் சுதந்திரம் அளித்த விதியைத் துவாரகா பிரசாத் வழக்கில் சுப்ரீம் கோர்ட் செல்லாததாக்கியது. அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்றிருந்தாலும், அதைச் சரிபார்க்க மேலே ஒருவரும் இல்லாவிடில் பயனில்லை என்பது அத்தீர்ப்பின் கருத்து. அன்றிலிருந்து, பங்கிடும் அதிகாரத்துக்கு ஓர் அளவுகோல் இருந்தாக வேண்டும் என்பது சட்டமாயிற்று.

லைசென்ஸைப் பறிக்குமுன் உரியவரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது. எவ்வளவு கேட்டால் போதும் என்பதில்தான் கருத்து வேறுபட்டது. மோசடியால் பெற்றது என்று சொல்லி லைசென்ஸுகளை ரத்துச் செய்ததை எதிர்த்து, பெட்கோ என்ற கம்பெனி வழக்காடிற்று. மோசடியின் விவரத்தையும் தஸ்தாவேஜுகளையும் காட்டாமல் விளக்கம் மட்டும் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது என்பது கம்பெனியின் முறையீடு. பெரும்பான்மை நீதிபதிகள், அளித்த வாய்ப்புப் போதுமானதே என்று 1959 டிசம்பரில் தீர்த்தனர். நீதிபதி கே. சுப்பாராவ் மாறுபட்டு எழுதினார். குற்றச்சாட்டின் விவரம் தெரியாதவனுக்கு அளிக்கும் வாய்ப்பு பெயரளவு வாய்ப்பே என்ற எண்ணத்தை அவருடைய தனித் தீர்ப்பில் காண்கிறோம். எண்ணிக்கையில் தோற்ற அந்தக் கருத்தே நமக்கு நியாயமாகப் படுகிறது.

அமிர்தசரஸ் வழக்கு

இத்துறையில் மிகுந்த புகழ் பெற்ற வழக்கு பஞ்சாபிலிருந்து வந்தது. ஆங்கிலோ ஆப்கான் ஏஜென்ஸீஸ் வழக்கு என்று அதனைக் குறிப்பிடுவது வழக்கம். இதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

கம்பளித் துணி ஏற்றுமதியைப் பெருக்குவதற்காக, 1962 அக்டோபரில் ஜவுளிக் கமிஷனர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். கம்பளிச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், அனுப்பிய சரக்கின் மதிப்புக்கு முழுவதும் ஈடாக, கம்பளித் தொழிலுக்கான மூலப்பொருளை இறக்குமதி செய்துகொள்ளும் தகுதியைப் பெறுவார் என்பது அதன் சாரம். 1963 ஜனவரியில் இத்திட்டம் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பும் சரக்குக்கும் விரிவாக்கப்பட்டது. மூலப்பொருள் அன்று கிடைத்தற்கரியது. ஆகவே ஏற்றுமதியில் லாபம் குறைந்தாலும் இறக்குமதித் தகுதியில் ஈடுகட்டலாம் என்று கணக்கிட்டே வியாபாரிகள் சரக்கை அனுப்பினர்.

அமிர்தசரஸில் கம்பளி வியாபாரம் செய்த இந்நிறுவனம், 1963 செப்டம்பரில் 5,03,471 ரூபாய் 73 காசு மதிப்புள்ள சரக்கை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பியது. அதே அளவுக்கு இறக்குமதித் தகுதிச் சான்றை எதிர்பார்த்தது. கிடைத்ததோ 1,99,459 ரூபாய்க்கு மட்டும். ஐந்தில் இரண்டு பங்குதான் தேறியது. காரணம் என்ன என்று அலுவலகத்துக்கும் மந்திரி சபை இலாகாவுக்கும் எழுதிக் கேட்டும் பயனில்லை. பஞ்சாப் ஐகோர்ட்டில் ரிட் மனுத் தாக்கல் செய்து நிறுவனம் வெற்றி பெற்றது. மத்திய சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் செய்தது.

சர்க்கார் தரப்பில் கூறப்பட்டவை இவை: சரக்கின் மதிப்பு உள்ளதைவிட உயர்த்திக் காட்டப்பட்டிருப்பதாக விசாரணையில் தெரிந்தது; மேலும், இத்திட்டம் சட்டமன்று, வெறும் நிர்வாக ஏற்பாடே, ஆகையால் அதைக் கொண்டு எவரும் கோர்ட்டில் உரிமை கோர முடியாது; நாளைய நிர்வாகத் தேவைக்குச் சர்க்கார் தன் கையை இன்றே கட்டிக்கொள்ளவும் முடியாது.

1967 நவம்பர் 22-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. எழுதியவர் நீதிபதி ஜே.சி. ஷா. மதிப்பை உயர்த்திக் காட்டியிருந்தால் குறைப்பதற்குத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. அவ்வாறு குறைக்கும் அதிகாரத்தைக் கோர்ட் மறுக்கவில்லை. ஆனால் அந்த விசாரணை நிறுவனத்துக்குத் தெரியாமல் நடந்தது. உங்கள் சரக்கைப் பற்றி இப்படி ஓர் ஐயம் இருக்கிறது, உங்கள் விளக்கம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. இது செல்லாது. அடுத்து, திட்டம் சட்டமாக இல்லாவிடினும், சர்க்கார் பகிரங்கமாகக் கொடுத்த வாக்கை நம்பி ஒருவன் தன் நிலையை மாற்றிக்கொண்டு செலவும் செய்துவிட்டால், அந்த வாக்கை நிறைவேற்றும்படி கேட்க அவனுக்கு இடமுண்டு. நிர்வாக அவசியம் என்று பொதுவாகச் சொல்லிச் சர்க்கார் நழுவிவிட முடியாது. சர்க்காரின் அப்பீல் தள்ளுபடியாயிற்று.

செப்டம்பர் 1963-இல் அனுப்பிய சரக்குக்கு நவம்பர் 1967-இல் நியாயம் கிடைத்தது. இதற்கிடையில் 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பே குறைக்கப்பட்டு, அதையொட்டி இந்த வகை ஏற்றுமதி ஊக்கத் திட்டங்களும் நிறுத்தப்பட்டன. நான்கு ஆண்டுத் தாமதத்தை ஒரு கம்பளி வியாபாரி தாங்கலாம். பத்துத் தறியுள்ள ஒரு நெசவாளர் சங்கம் தாங்குமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இவ்வழக்கை மற்றொரு கோணத்திலும் நோக்க வேண்டும். வாக்குக் கொடுக்கும் சர்க்கார் டில்லியில் மட்டும் இல்லை. பம்பாயை அடுத்த உல்ஹாஸ் நகரில், ஏழு ஆண்டுகளுக்கு நுழைவரி இல்லை என்று தொழிற்சாலைகளுக்கு ஒப்புக்கொண்ட நகரசபை பின்பு வரி கேட்கத் துணிந்தது. 1970-இல் சுப்ரீம் கோர்ட், பொது ஸ்தாபனங்களும் தம் வாக்கிலிருந்து எளிதில் விலகிவிட முடியாது என்று கூறி, வழக்கை மீண்டும் விசாரிக்குமாறு பம்பாய் ஐகோர்ட்டுக்கு அனுப்பிற்று. இடம் தருகிறோம், தண்ணீர் தருகிறோம், வந்து பட்டறை போடுங்கள் என்று தீர்மானம் நிறைவேற்றும் ஊராட்சியும் இதே நியதிக்கு உட்பட்டது. நிறைவேற்றக் கூடியதையே தீர்மானப் புத்தகத்தில் எழுதுதல் நலம்.

வாக்கின் எல்லை

இத்தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாச் சலுகையும் என்றென்றும் நீடிக்கும் என்று எண்ணியவர்கள் பின்னர் ஏமாற்றம் அடைந்தனர். வயலுக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் பிளாஸ்டிக் குழாய்கள் பி.வி.சி. பிசினால் ஆனவை என்பது விவசாயிகளுக்குத் தெரியும். அப்பிசினின் இறக்குமதிக்குச் சுங்கவரி இல்லை என்று 1979 மார்ச்சில் அறிவித்த சர்க்கார், அது 1981 மார்ச் இறுதி வரை செல்லும் என்றும் குறித்திருந்தது. 1980 அக்டோபரில், அதாவது தவணை முடிவதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே, சலுகையை நீக்கியது. நம்பிச் சரக்குக்கு ஆர்டர் கொடுத்த உற்பத்தியாளர்கள் வழக்காடினர். காசின்கா டிரேடிங் என்ற அவ்வழக்கில், 1994-இல், சர்க்காருக்கே வெற்றி கிட்டியது. வரிச் சலுகை பொதுநலனுக்காக அளிக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை இறங்கிய நிலையில் அதே பொதுநலனுக்காக அதனைத் திரும்பப் பெறலாம். தேதி குறிக்கப்பட்டிருந்தது என்பதால் மட்டும் அது மாற்ற முடியாத வாக்காகிவிடாது என்றது கோர்ட். ஆயத்த ஆடை ஏற்றுமதிக் கோட்டாவைப் பற்றிச் சென்னை நிறுவனம் ஒன்று கொண்டுவந்த வழக்கிலும் 1996-இல் இதே போக்கில் தீர்ப்பாயிற்று. விண்ணப்பத்தை முடிவு செய்யும் நாளில் உள்ள கொள்கையே செல்லும்.

அமிர்தசரஸ் வியாபாரியிடம், செய்து முடித்த காரியத்துக்குத் தருவதாகச் சொன்ன தனிப்பட்ட பலன் இருந்தது. அதைக் குறைத்ததற்குப் பொதுநலக் காரணம் எதுவும் கோர்ட்டில் நிரூபிக்கப்படவில்லை. குழாய் உற்பத்தியாளர்களின் வழக்கில் எல்லார்க்கும் பொதுவான வரிக் கொள்கை மாறியது. இந்த வேற்றுமையை மனத்தில் கொண்டால் இரு தீர்ப்புகளும் முரண்பட்டனவாகத் தோன்றா. எனினும், தேதி குறித்துச் சொன்ன சொல்லைத் தேதிக்கு முன் மாற்றுவது சட்டத்தில் செல்லுமானாலும் நல்ல நிர்வாகமாகாது என்பது நம் அபிப்பிராயம்.

வாங்கிய சரக்கை விற்றவர்கள்

ஒதுக்கீடு கிடைக்காதவர்களின் வழக்குகளை இதுவரை கண்டோம். கிடைத்ததை வெளியில் விற்றவர்கள் மீது சர்க்கார் தொடுத்த வழக்குகளும் உண்டு.

கல்கத்தாவில் ஈஸ்ட் இந்தியா கமர்ஷியல் என்ற கம்பெனி, குழல் விளக்குகளை வரவழைக்க லைசென்ஸ் பெற்றிருந்தது. தன் தொழிற்சாலையில் மட்டுமே உபயோகிக்க வேண்டும், எப்பகுதியையும் பிறர்க்கு விற்கக் கூடாது என்பது நிபந்தனை. நிபந்தனை மீறப்பட்டதாகக் கூறிச் சுங்க அதிகாரி சரக்கைப் பறிமுதல் செய்ய முற்பட்டார். 1962-இல் சுப்ரீம் கோர்ட், அன்றிருந்த சட்டப்படி லைசென்ஸில் அச்சிட்ட நிபந்தனையை மீறுவது வேறு, சட்டத்தின் கீழ் இடப்பட்ட உத்தரவை மீறுவது வேறு. பின்னதற்கே பறிமுதல் என்று கூறி, அதிகாரியின் நடவடிக்கையைத் தடுத்தது.

இதைக் கேட்டு மகிழ்ந்தவர்களின் மகிழ்ச்சி ஓராண்டுதான் நீடித்தது. முன்வழக்கின் சரக்கு 1955-ஆம் ஆண்டு உத்தரவுக்கு முற்பட்டது. அவ்வுத்தரவோ நிபந்தனைகளை விதிக்கவும், அவற்றுக்கு லைசென்ஸ்தாரர் கட்டுப்படவும் இடம் செய்திருந்தது. ஆகவே அதற்குப் பின் பெற்ற லைசென்ஸில் ‘சொந்த உபயோகத்துக்கே’ என்ற நிபந்தனையை மீறி மூலப்பொருளை விற்றால் அது தண்டனைக்குரிய குற்றமே என்று 1963-இல் அப்துல் அஜீஸ் அமினுதீன் வழக்கில் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் ஓட்டை எப்போது அடைபட்டது என்பதை அறியாமல் பழைய தீர்ப்பை நம்பி நடப்பவர் சிறைக்கே செல்ல நேரும்.

இன்றைய நிலை

1991 ஜூலைக்குப் பின் மூலப்பொருள் இறக்குமதிக்கு லைசென்ஸ் முறை பெரும்பாலும் நீக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1992-இல் வெளிநாட்டு வாணிகச் சட்டம் ஏற்பட்டது. திண்டுக்கல் பட்டறைக்காரர் இன்று பித்தளைக்காகத் தேவைச் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. ஏற்றுமதிக்காக வரியின்றி மூலப்பொருள் வரவழைக்கும் ஆலைகளுக்கு மட்டும் ‘சொந்த உபயோகம்’ என்ற பழைய நிபந்தனை புதிய உருவில் தொடர்கிறது.

பங்கீடு ஆலையை விட்டு வயலுக்கு வந்திருக்கிறது எனலாம். பொட்டாஷ் உரம் நமக்கு வெளிநாட்டுச் சரக்கு, யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் ஒரு பகுதி கப்பலில் வருவது. ராஜ்யம்தோறும் மாதம்தோறும் இவ்வளவு என்று மத்திய சர்க்கார் திட்டமிட, மாவட்டத்துக்கும் பின் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அது பிரிந்து வருகிறது. 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு உத்தரவு விற்பவர்க்கு லைசென்ஸையும் விதிகளையும் வகுத்துள்ளது. மானிய யூரியா ஒட்டுப்பலகை ஆலை போன்றவற்றுக்குத் திருட்டுத்தனமாகச் செல்வதைத் தடுக்கும் நோக்கத்தோடு 2015-இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டாயமாக்கப்பட்டது. அன்று தாமிரச் சீட்டைக் கைமாற்றியவர்கள் செய்ததற்கும் இதற்கும் வேறுபாடு சரக்கில் மட்டுமே.

ஆதலால், மேற்கண்ட வழக்குகள் கூறும் நியதிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நெசவாளர் சங்கத்துக்கும் விவசாயிக்கும் இன்றும் உதவும். ஒதுக்கீடு வேண்டும் என்று கோர்ட்டில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. விதிப்படி என் விண்ணப்பத்தைக் கவனிக்கவில்லை, எனக்குச் சொல்லாமல் குறைத்தார்கள், காரணம் தரவில்லை, என்னைப் போன்ற மற்றொருவருக்குக் கொடுத்து எனக்கு மறுத்தார்கள் என்று கேட்டால் நீதிபதி செவிசாய்ப்பார். இவற்றை நிரூபிக்கத் தாள் வேண்டும். வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்ட விண்ணப்பம் கோர்ட்டின் கண்ணில் விண்ணப்பமே ஆகாது. எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ரசீது பெறவேண்டும். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். சலுகை அறிவிப்பை நம்பிச் செலவு செய்பவர், அவ்வறிவிப்பின் நகலையும், அதற்குப் பின் செய்த செலவின் பில்களையும் ஒரே கோப்பில் வைத்தல் வேண்டும். வாங்கிய சரக்கு எவ்வளவு, எதற்கு உபயோகமாயிற்று என்ற கணக்கு நாள்தோறும் எழுதப்பட்டிருந்தால், பின்னர் யார் குற்றம் சாட்டினாலும் அஞ்ச வேண்டுவதில்லை.

பிறருக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டறியலாம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். முதலில் மேலதிகாரிக்கு முறையீடு செய்து, அதற்கும் பயனில்லையெனில், அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் ஐகோர்ட்டில் ரிட் மனுச் செய்யலாம். காலம் கடத்திச் செல்பவரை ஐகோர்ட் விரும்புவதில்லை. முன்பு இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏறவேண்டியிருந்தது. 2004 ஜூலை 24 முதல் மதுரையில் ஐகோர்ட்டுக் கிளை இயங்குவதால், திண்டுக்கல் மாவட்டத்தார் காலையில் புறப்பட்டு வக்கீலைக் கண்டு மாலையில் வீடு திரும்பலாம். பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், தொழிலாளர் ஆகியோர்க்கு வழக்குச் செலவின்றி உதவி செய்ய, 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழு மாவட்டக் கோர்ட்டிலும், அதற்கான குழு மதுரைக் கிளையிலும் உள்ளன.